தையல் அறைக்கு டியூப்லைட்

ஜூன் 12, 1978. திங்கள்.

விடியற்காலையிலிருந்து சாரல். பள்ளி நிர்வாகக் குழு இன்று மாலை கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின் ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: தையல் அறையில் தொங்கும் குண்டு பல்பைத் துணியால் துடைப்பது.

முன்மொழிந்தவர் தாளாளர் அண்ணாச்சி. வழிமொழிந்தவர் அவருடைய மைத்துனர். ஈரத் துணியா, காய்ந்த துணியா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. பெரிய டீச்சர் (தலைமையாசிரியை, இனி பெ.டீ.) இரு தரப்பையும் சமாதானப்படுத்தினார். காய்ந்த துணி. ஆசிரியர் பிரதிநிதி என்ற முறையில் நானும் கையெழுத்திட்டேன். பிற்காலத்தில் இப்பள்ளியின் வரலாற்றை யாராவது எழுதினால் இந்த நாள் விடுபட்டுவிடக் கூடாது.

நாங்கள் கேட்டது வெளிச்சம். தையல் அறை மேற்கு வரிசையின் கோடியில், மலையைப் பார்த்த ஜன்னல்களோடு இருக்கிறது. குற்றாலம் சீசன் மாதங்களில் ஜன்னலைத் திறந்தால் துணி நனையும், மூடினால் குகை. நடுவில் ஒற்றை பல்பு. அதன் அடியில் உட்காரும் பிள்ளைக்குத் தன் நிழல் இடைஞ்சல், தள்ளி உட்காரும் பிள்ளைக்கு அடுத்தவள் நிழல். ஜூலையில் அரசுத் தையல் தேர்வு. பாதிப் பேராவது தேறாவிட்டால் தையல் ஆசிரியை இடத்தை எடுத்துவிடுவோம் என்று கல்வித்துறை மேலிடத்திலிருந்து எழுதியாயிற்று. இடம் என்று அவர்கள் சொல்வது ஜமீலாவை.

பியூன் ஸ்டூல் போட்டு ஏறித் தீர்மானத்தை நிறைவேற்றினார். இப்போது கூரையின் ஒட்டடை நன்றாகத் தெரிகிறது.

ஜமீலா அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, அடுத்த மீட்டிங்குல எம் மூக்குக் கண்ணாடியத் தொடைக்கதுக்கு ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்க" என்றாள்.

உளுந்து வாங்க மறந்தேன். குடைக்கம்பி மறுபடி போயிற்று.

ஜூன் 14. புதன்.

சாரல் விடவில்லை. டியூப்லைட் பற்றி பெ.டீ.யிடம் பேசினேன். கஷ்டமான விஞ்ஞானம் ஒன்றுமில்லை. குண்டு பல்பு, வாங்குகிற கரண்டில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடிக்கிறது. டியூப்லைட் ஏறக்குறைய பாதிக் கரண்டில் அதைவிட அதிக வெளிச்சம் தரும். வெளிச்சம் நீளமாகப் பரவுவதால் நிழலும் குறைவு. தென்காசி பஜாரில் ஜவுளிக்கடைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கல்விக்கூடத்துக்கு வந்து சேரவில்லை.

பெ.டீ. யோசித்தார். "டியூப்லைட்டு போட்டா பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரில்லா இருக்கும்?"

"கல்யாண வீட்டுல யாரும் ஊசில நூல் கோக்க மாட்டாகளே டீச்சர்."

"அதுக்கில்ல. பாக்குதவுக என்ன சொல்லுவாக? பிள்ளையளுக்கு இம்புட்டுச் சொகுசான்னு கேக்க மாட்டாகளா?"

ஓய்வு பெற அவருக்கு இன்னும் சில காலம்தான் இருக்கிறது. அதுவரை எதுவும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தம் கடமை என்று நினைக்கிறார். அந்தக் கடமையில் அவர் தவறி நான் பார்த்ததில்லை.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர்: "ஒனக்கென்ன ஜமீலா, மாப்பிள்ள துபாய்ல. இந்த வேல போனா போகுது. வீட்டுல கால நீட்டி உக்காரலாம்."

"ஆமாக்கா. நீட்டுததுக்குத்தான கால் இருக்கு" என்று சிரித்தாள் ஜமீலா.

மாப்பிள்ளையிடமிருந்து கடிதம் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. போன பெருநாளைக்கு அவர் கொடுத்தனுப்பியதாக எல்லாரிடமும் காட்டிய சேலை அவளே தென்காசியில் எடுத்தது. உடன் போனவள் நான். அச்சன்புதூர் வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும் சாப்பிடுவது இந்தத் தையல் சம்பளத்தில். மாமியார் மட்டும் தெருவில், "எம் மவன் மாசாமாசம் அனுப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இருவரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. தானாக அமைந்துவிட்ட ஏற்பாடு.

கணக்கு டீச்சரின் ஊறுகாய் நன்றாக இருந்தது. அதையும் கோபத்தோடுதான் தின்றேன்.

ஜூன் 16. வெள்ளி.

வீட்டு டியூப்லைட்டை மரச்சட்டத்தோடு கழற்றிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். இவர், "ராத்திரி நான் எதுல பேப்பர் படிக்க?" என்றார். நாளைக்குப் படிக்கலாம், இதே செய்திதான் இருக்கும் என்றேன். பழைய சேலையில் சுற்றித் தோளில் வைத்து நடந்தேன். வெற்றிலைக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், வீடு மாறுதியளா?" "இல்ல, வெளிச்சம் காட்டப் போறேன்." "ஆங், சரி சரி." இந்த ஊரில் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறார். அவர் நிர்வாகக் குழுவில் இல்லை.

தையல் அறை ஹோல்டரில் ஒயர் கொடுத்து மாட்டினேன். இரண்டு தரம் மினுக்கியது. எரிந்தது.

பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு முத்துலட்சுமி மடியில் இருந்ததைத் தூக்கிப் பார்த்து, "டீச்சர், இது கறுப்பு நூலா? நீலம்னுல்லா நெனச்சேன்" என்றாள். நீலப் பாவாடைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள். வாரம் முழுக்க.

"ஏட்டி, இத்தன நாளா கறுப்புலதான் தச்சியா? ஒனக்குக் கண்ணு எங்கன இருக்கு?" ஜமீலா சத்தம் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "தெனமும் வாங்கிப் பாத்தேன்க்கா. எனக்கும் தெரியல."

பெ.டீ. வந்தார். வாசலிலேயே நின்றார். "பிள்ளைய எல்லாம் காய்ச்சல்ல கெடந்து எந்திச்ச மாதிரி வெளுப்பாத் தெரியுதுவளே. இது ஒடம்புக்கு ஆவுமா?"

"அவங்க நெறமே அதுதான் டீச்சர். இப்பத்தான் தெரியுது."

"எதுக்கும் அணைச்சிருங்க. அண்ணாச்சி சொன்னாப் போடுவோம்."

அணைத்தேன். கழற்றினேன். அதே சேலை, அதே தோள். வெற்றிலைக் கடைக்காரர்: "காட்டியாச்சா?"

ஜூன் 18. ஞாயிறு. குற்றாலம்.

அண்ணாச்சிக்கு ஐந்தருவி போகிற ரோட்டில் லாட்ஜ். சீசன் கூட்டம். ரோடெல்லாம் எண்ணெய் வாடை, ஈர வேட்டி. லாட்ஜ் வாசலில் ஒருவர் இன்னொருவரை விரட்டிக்கொண்டிருந்தார்: "ஏலே, எண்ணெயத் தேய்ச்சிட்டு அங்கன நில்லுலே. செவத்துல சாயாத, அண்ணாச்சி பாத்தா கொன்னே போடுவாரு!"

நானும் ஜமீலாவும் உள்ளே போனோம். பகல் பதினொரு மணி. நடையில் டியூப்லைட் எரிகிறது. திறந்து கிடந்த அறைகளில் எரிகிறது. குளியலறையில் எரிகிறது, உள்ளே யாருமில்லை. பெயர்ப் பலகைக்கு மேலேயும் ஒன்று, சூரியனுக்குத் துணையாக.

அண்ணாச்சி உட்காரச் சொல்லி மங்குஸ்தான் பழம் கொடுத்தார். மரியாதையில் குறை சொல்ல முடியாது.

"டியூப்லைட்டா? அது எதுக்கு டீச்சரம்மா? வோல்டேஜ் கொறஞ்சா மினுக்கு மினுக்குன்னு மினுக்கும். பிள்ளைய கண்ணு போயிரும்."

"இங்கன எல்லா ரூம்லயும் போட்டிருக்கியளே அண்ணாச்சி."

"இங்கன வாரவன் காசு குடுக்கான்."

"கரண்டு பில்லு கொறையும் அண்ணாச்சி."

"அது எனக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான இங்கன போட்டேன்."

இதற்கு மேல் தர்க்கத்துக்கு வழியில்லை. வாதத்தின் எல்லாப் படிகளையும் ஒத்துக்கொண்டு முடிவை மட்டும் மறுப்பவரை என்ன செய்வது? பழத்தை உரித்தேன்.

"இன்னொண்ணு பாத்துக்கிடுங்க" என்றார். "சாரல் காலம். குண்டு பல்புன்னா ஒரு கதகதப்பு இருக்கும். பிள்ளையளுக்கு நல்லது."

ஜமீலா: "அதான் அண்ணாச்சி, தைக்கவா முடியுது? எல்லாரும் அதச் சுத்தி நின்னு குளிர் காஞ்சிட்டுத்தான் இருக்கோம்."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "வாயிருக்கு டீச்சர் ஒங்களுக்கு." ஆனாலும் இல்லை என்பதுதான் பதில்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. "ஒங்க அப்பா பேர எழுதிரலாம் அண்ணாச்சி. உபயம்னு."

முகம் மாறியது. "எங்கன எழுதுவிய?"

"மரச்சட்டத்துல."

"சட்டத்துல எழுதுனா யாரு பாப்பா? டியூப்புலயே எழுதணும்."

"டியூப்ல எழுதினா வெளிச்சம் மறைக்குமே அண்ணாச்சி."

"பேரு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"பெறவென்ன?"

தையல் அறைக்கு மட்டுமில்லை, மேற்கு வரிசை முழுவதற்கும் போடுவதாக ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை. "நல்ல காரியம். சும்மா மாட்டிரப் பிடாது. நம்ம ஜட்ஜ் ஐயா சீசனுக்கு வருவாகள்ளா, அவுக கையால ஸ்விச்சப் போட்டிருவோம்." ஜட்ஜ் ஐயா அண்ணாச்சியின் வீட்டம்மாவுக்குச் சித்தப்பா முறை. சென்னையில் ஓய்வு பெற்று இருக்கிறார். வருஷா வருஷம் அருவிக் குளியலுக்கு வருவார். எப்போது வருவார் என்று கேட்டேன். "அருவில தண்ணி சீரா விழுந்ததும் வந்துருவாக. இந்தா, ரெண்டு நாள்ல."

பஸ்ஸில் ஜமீலா, "அக்கா, ஜெயிச்சிட்டமா?" என்றாள். அப்படித்தான் தெரிகிறது என்றேன். ஜன்னலோரம் நனைந்துகொண்டே வந்தோம். நல்ல நாள்.

ஜூன் 26. திங்கள்.

ஒயர்மேன் வந்தார். மேற்கு வரிசை குண்டு பல்புகளைக் கழற்றினார். டியூப்லைட்டுகளை மாட்டினார். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

ஒவ்வொரு டியூப்பிலும் சிவப்பு பெயிண்டில் அண்ணாச்சியின் தகப்பனார் பெயர், அவர் ஊர், தொழில், குணநலன், அவர் நினைவாக இதை வழங்கும் மகன்கள், பேரன்கள். ஒரே டியூப்பில் மூன்று தலைமுறை. இரு முனைகளிலும் எழுத்துக்கு நடுவிலும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள். வெளிச்சம் அதன் வழியாக வர வேண்டும்.

ஸ்விட்சைப் போட்டேன். எரியவில்லை.

"ஸ்டார்ட்டர் இல்ல டீச்சர்" என்றார் ஒயர்மேன். "எல்லாத்தையும் அண்ணாச்சி வாங்கி பீரோல வச்சிப் பூட்டிட்டாக. ஜட்ஜ் ஐயா வருததுக்கு முன்ன யாரும் போட்டுரப் பிடாதுல்லா."

"அதுவரைக்கும் பழைய பல்ப மாட்டுங்க."

"அது எங்கன இருக்கு? அண்ணாச்சி மச்சான் கோழிப்பண்ணைக்குப் போயிட்டே, இலத்தூருக்கு. குஞ்சுக்குச் சூடு வேணும்லா."

குண்டு பல்பின் கதகதப்பைப் பற்றி அண்ணாச்சி சொன்னது வெறும் பேச்சில்லை. மனிதர் அதில் உண்மையான நம்பிக்கை உள்ளவர்.

ஆக, இன்று காலை வரை தையல் அறையில் ஒரு பல்பு எரிந்தது. என் இடைவிடாத முயற்சியின் பலனாக இப்போது அதுவும் இல்லை.

இவரிடம் சொன்னேன். "சவத்த விடு" என்றார். விட முடியவில்லை. தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டு நின்றேன், கருகிற்று.

ஜூலை 3. திங்கள்.

அருவி நிலவரம் தினமும் காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு பெ.டீ. மூலம் எங்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது.

புதன்: தண்ணீர் போதாது. ஐயா வரவில்லை.
வெள்ளி: தண்ணீர் பரவாயில்லை. ஐயாவுக்குத் தந்தி போயிருக்கிறது.
இன்று: தண்ணீர் அதிகம். அருவியில் நிற்க முடியாது. ஐயா வரவில்லை.

மழை பெய்தால்தான் அருவி விழும். மழை பெய்தால்தான் அறை இருட்டும். பெரிய மழை பெய்தால் ஐயா வர மாட்டார். பிள்ளைகள் தடவித் தடவித் தைக்கிறார்கள். ஜமீலா ஊசி கோக்கத் தெருக்கதவு வரை போய்விட்டு வருகிறாள், ஒவ்வொருத்திக்கும். மாவட்டத்தின் வேறெந்தப் பள்ளியிலாவது தையல் வகுப்பு நீர்வரத்தைப் பொறுத்து நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டும்.

ஜூலை 7. வெள்ளி.

பஜாரில் ஸ்டார்ட்டர் வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சிறியது. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய், முதல் மணி அடித்ததும் ஸ்டூலில் ஏறித் தையல் அறை டியூப்பில் திருகினேன். ஸ்விட்ச்.

எரிந்தது. எழுத்துகளுக்கு நடுவில் வந்த வெளிச்சமே போதுமாக இருந்தது.

இன்று முழுக்க வகுப்பு நடந்தது. வகுப்பு என்றால் வகுப்பு. கால் மிஷின்கள் நிற்கவேயில்லை. ஜமீலா காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். சட்டைப் பொத்தானுக்கு ஓட்டை வெட்டி, ஓரம் பிரியாமல் நெருக்கமாக நூல் சுற்ற வேண்டும். தேர்வில் அதற்குத்தான் அதிக மார்க், போன வருஷம் பிள்ளைகள் கோட்டைவிட்டதும் அதில்தான். முத்துலட்சுமி எடுத்ததை ஜமீலா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "ஏட்டி, இது நீ எடுத்ததா, கடைல வாங்குனதா?" அந்தப் பிள்ளை வெட்கத்தில் மிஷினுக்கு அடியில் குனிந்துகொண்டது.

எனக்கு மூன்றாவது பீரியடு ஓய்வு. அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 10. திங்கள்.

அண்ணாச்சி வந்தார். குடையைக்கூட மடக்கவில்லை. பின்னால் மைத்துனர்.

வெள்ளிக்கிழமை தெருவில் போன அண்ணாச்சியின் சித்தப்பா ஒருவர் ஜன்னல் இடுக்கில் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார். திறப்பு விழா நடந்து முடிந்துவிட்டது, தனக்குச் சொல்லவில்லை என்று முடிவு கட்டி, இனி உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வர மாட்டேன் என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அண்ணாச்சி அவர் வீட்டில் சமாதானம் பேசியிருக்கிறார். சித்தப்பா மனம் இரங்கவில்லை. அவர் வீட்டில் காப்பிகூடக் கொடுக்கவில்லையாம்.

"ஜட்ஜ் ஐயா போட வேண்டிய லைட்ட நீங்க போட்டுட்டிய! எங்க சித்தப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டு இருக்காரு. விசேசமே நடக்கலன்னு சொன்னா யாரு நம்புவா? லைட்டு எரியுதுல்லா!" ஜமீலாவைப் பார்த்துத்தான் சத்தம்.

"நான்தான் போட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"நீங்க ஏன் போடப் போறிய?"

"ஸ்டார்ட்டர் வாங்குனது நான். ஸ்டூல்ல ஏறுனது நான்."

"சும்மா இருங்க டீச்சரம்மா. நீங்க பர்மனென்ட்டு. நீங்கல்லாம் இப்படிச் செய்வியளா? இந்தப் பிள்ளயக் காப்பாத்தப் பாக்குதிய."

ஜமீலா: "அண்ணாச்சி, இருட்டுல பிள்ளைய வெரல்ல குத்திக்கிடுதுவ. நான் என்ன செய்ய?"

"பத்து நாளு பொறுக்க முடியாதா? எங்க அப்பா பேரு எழுதியிருக்கு பாத்தியளா, அதுக்கொரு மரியாத இல்ல?"

ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்து மைத்துனரிடம் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. மேற்கு வரிசையின் ஃபியூஸ் கட்டையையும் போர்டிலிருந்து பிடுங்கித் துண்டில் முடிந்துகொண்டார். டியூப்களைச் சுற்றி வர்ணக் காகிதம் ஒட்டச் சொன்னார், யாரும் தொடாதபடி. மாலைக்குள் ஜமீலாவுக்கு மெமோ.

ஜூலை 11. செவ்வாய்.

குற்றம் என்னுடையது என்று எழுதி பெ.டீ.யிடம் கொடுத்தேன். படித்தார். மடித்தார். என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"இத வாங்குனா ஒங்க மேல நடவடிக்க எடுக்கணும்."

"எடுங்க."

"பர்மனென்ட் ஆளு மேல எடுக்கணும்னா ரொம்ப எழுதணும்மா. மேல அனுப்பணும், அவுக கேப்பாக, நாம பதில் சொல்லணும். ஜமீலாவுக்குன்னா ஒரு தாள் போதும்." பேனாவை மூடி வைத்துவிட்டு, "நல்ல பொண்ணுதான்" என்றார்.

குற்றம் செய்யக்கூட நிரந்தர ஊழியருக்குத் தகுதியில்லை என்பது எனக்கு இதுவரை தெரியாது. பேனா முனை தாளைக் கிழிக்கிறது. அண்ணாச்சியைவிட பெ.டீ. மேல்தான் ஆத்திரம். அண்ணாச்சிக்குத் தான் செய்வது புரியவில்லை. இவருக்குப் புரிகிறது.

ஹாலிலாவது தேர்வை வைக்கலாமே என்று கேட்டேன். ஹாலில் விழாவுக்காக எடுத்த வாடகை நாற்காலிகள்.

ஜூலை 18. செவ்வாய்.

தேர்வு. காலையிலிருந்தே கருக்கல். சாரல் இல்லை, மழை.

என் வீட்டு அரிக்கேன் விளக்கு, ஜமீலா அச்சன்புதூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த அரிக்கேன் விளக்கு. அறையின் இரண்டு கோடியில் வைத்தோம். தேர்வாளர் திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மா. பொறுமையான முகம். உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்து, "டியூப்லைட் இருக்கே. போடலாமே?" என்றார்.

பெ.டீ.: "இன்னும் திறக்கல மேடம்."

"ஓ, திறக்கலையா?" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் கேட்கவில்லை. வேறு ஜில்லாக்காரர் என்றால் கேட்டிருப்பார். நம்மவர்.

ஒரு ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தோம். சாக்கட்டியால் வரைந்திருந்த வெட்டுக் கோடுகளைத் தூவானம் கரைத்தது. மூடினோம். முத்துலட்சுமி வெள்ளைத் துணியில் காஜா எடுத்தாள். விரலில் குத்தியிருக்கிறாள், தெரியவில்லை. முடித்து மேசைக்குக் கொண்டுபோய் விளக்கடியில் நீட்டியபோதுதான் துணியில் ரத்தம் தெரிந்தது. அவள் துணியைப் பார்க்கவில்லை, ஜமீலாவைப் பார்த்தாள். ஜமீலாவுக்குத் தேர்வு அறைக்குள் அனுமதி இல்லை. வாசலில், மழையில், முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

தலைக்கு மேலே ரோஸ் காகிதம். அதற்குள் அண்ணாச்சியின் தகப்பனார்.

ஆகஸ்ட் 7. திங்கள்.

வெயில் எட்டிப் பார்க்கிறது. ஜட்ஜ் ஐயா ஒருவழியாகப் போன வாரம் வந்தார். குளித்தார். ஜலதோஷம் பிடித்தது. லாட்ஜிலிருந்தே சென்னைக்குத் திரும்பிவிட்டார். விழா அடுத்த சீசனுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஃபியூஸ் கட்டை இன்னும் அண்ணாச்சியிடம்.

இவருக்கும் ஜலதோஷம். சுக்குக் காப்பி.

ஆகஸ்ட் 21. திங்கள்.

நிர்வாகக் குழுக் கூட்டம். முதல் பொருள்: கரண்டு பில். அண்ணாச்சி பில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நன்றாகக் குறைந்திருக்கிறது.

"டீச்சரம்மா அன்னைக்கே சொன்னாக. நான்தான் கேக்கல. டியூப்லைட்டுன்னா டியூப்லைட்டுதான். என்னமா மிச்சம் பிடிக்குது பாத்தியளா!" கைதட்டல். எனக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம். வழிமொழிந்தவர் மைத்துனர்.

எழுந்து நின்றேன். "அண்ணாச்சி, அந்த லைட்டு எரியவே இல்ல."

"அதத்தான் நானும் சொல்லுதேன். எரியாமலே இம்புட்டு மிச்சம்னா, எரிஞ்சா எம்புட்டு மிச்சமாகும்!"

எல்லாரும் தலையாட்டினார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். இல்லை. பெ.டீ. குனிந்து மேசை விரிப்பில் ஒரு நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"மேற்கு வரிச இருட்டாக் கெடக்கு அண்ணாச்சி. பில்லு கொறஞ்சது அதனால."

"நீங்களே இப்பிடி எதுத்துப் பேசுனா எப்பிடி டீச்சரம்மா? ஒங்க யோசனதான இது?"

முடிவு: இத்திட்டத்தைப் பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும் விரிவாக்குவது. இந்த வாரமே குண்டு பல்புகளை அகற்றுவது. விழா எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்றாக. என் ஆட்சேபம் நடவடிக்கைக் குறிப்பில் இடம்பெறவில்லை. நன்றி இடம்பெற்றது.

வீட்டுக்கு நடந்து வந்தேன். வெற்றிலைக் கடைக்காரர், "என்ன டீச்சர், பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லைட்டு வாங்கிக் குடுத்துட்டியளாமே!" என்றார். நடையை எட்டிப் போட்டேன். அவர் மேல் என்ன தப்பு?

செப்டம்பர் 4. திங்கள்.

தையல் தேர்வு முடிவு வந்தது. பாதிக்கு வெகு கீழே. தேறியவர்களில் முத்துலட்சுமி இல்லை. காஜாவுக்கு யாருக்குமே மார்க் விழவில்லை. கூடவே, தையல் ஆசிரியை இடம் எடுக்கப்பட்டது என்ற உத்தரவு. தயாராக வைத்திருந்திருக்க வேண்டும். மேலிடத்தில் வேலை மெதுவாக நடக்கிறது என்று இனி யாரும் சொல்லக் கூடாது.

ஸ்டாஃப் ரூமில் பேச்சு. "அவளுக்கென்ன? துபாய்க்காரன் பொண்டாட்டி." கணக்கு டீச்சரிடம் இன்றுதான் வாய்விட்டுச் சண்டை போட்டேன். எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. சொல்லவும் முடியாது.

சாயங்காலம் தையல் அறையில் ஜமீலா மிஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு ஓரத்தைப் பிடித்தேன். இருட்டு. ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

"வீட்டுல என்ன சொல்லப் போறே?" என்றேன்.

"அதெல்லாம் யோசிச்சிட்டேன்க்கா. மாப்பிள்ள துபாய்லேருந்து எழுதிட்டாக, இனிமே வேலைக்குப் போகாதன்னு சொல்லிருவேன். தெருவுல எல்லாரும் சந்தோசப்படுவாக. மாமிக்கும் கவுரவம்."

"மாமிக்குத் தெரியுமே."

"தெரியும். அவுகதான் மொதல்ல போயி எல்லார்ட்டயும் சொல்லுவாக." ஒரு உறையை உதறி மடித்தாள். "நீங்க ஒங்க சண்டைய விட்டுருங்க அக்கா. கணக்கு டீச்சர் பாவம், ஊறுகா குடுக்க மாட்டாக அப்புறம்."

எனக்கு அழுகை வரவில்லை. ஹாலில் இன்னும் கிடக்கும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அண்ணாச்சியின் லாட்ஜ் கண்ணாடிகள் மேல் எறிய வேண்டும் போல் இருந்தது. வாடகை நாற்காலிகள், உடைந்தால் அதற்கும் ஜமீலாவுக்குத்தான் மெமோ வரும்.

செப்டம்பர் 11. திங்கள்.

வெயில். புது நேரப்பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். தையல் பீரியடுக்குப் பதிலாக நீதிபோதனை. எடுப்பது நான்.